கோவைக்குக் குடிபோகும் முன் நாலு அம்மாக்களைத் தேடுங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். கணவர் ஜீப் ஓட்டுகிறார். மகனுக்கு எட்டு வயது, மூளை முடக்குவாதம். தானாக உட்கார மாட்டான், பேச்சு வரவில்லை, ஆனால் நாங்கள் பேசுவதெல்லாம் அவனுக்குப் புரிகிறது. வாரம் ஒரு தடவை கோவைக்குத் தெரபிக்கு வரச் சொன்னார்கள். ஒரு நாள் கூலி போகிறது, இறக்கத்தில் பஸ்ஸில் அவனுக்கு வாந்தி, இரண்டு மாதத்தோடு விட்டுவிட்டோம். பக்கத்துப் பள்ளியில் "ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாமியாரால் அவனைத் தூக்க முடியாததால் பதினான்கு வயது மகள் அடிக்கடி பள்ளிக்கு லீவு போடுகிறாள். சொந்தக்காரர்கள் கோவைக்கே குடிபோகச் சொல்கிறார்கள். மலையில் எங்களைப் போன்றவர்களுக்கு வழி ஏதும் இருக்கிறதா? அவனுக்கு என்ன செய்யணும் என்று எங்களுக்கு யார் சொல்லித் தருவார்கள்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், மற்றதெல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது. கோவையில் அந்தத் தெரபிஸ்ட் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவர் கையில் உங்கள் பிள்ளை இருப்பது வாரத்தில் ஒரு மணி நேரம், மீதி நேரம் முழுக்க அவன் உங்கள் வீட்டில், உங்கள் மடியில், பாட்டி பக்கத்தில் இருக்கிறான். அவனை எப்படி உட்கார வைக்கிறீர்கள், எப்படி ஊட்டுகிறீர்கள், குளிப்பாட்டும்போது காலை எப்படிப் பிரிக்கிறீர்கள், சட்டை மாட்டும்போது எந்தக் கையை முதலில் நுழைக்கிறீர்கள், இதெல்லாம்தான் தங்கச்சி அவனுக்குப் பயிற்சி. அதனால் பயிற்சிக்குப் போகவேண்டியது அவன் மட்டுமில்லை, நீங்களும் உங்கள் கணவரும் மாமியாரும்கூடத்தான். இதை நானாகச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் வளர்ச்சித் தாமதம் உள்ள 2 முதல் 9 வயதுக் குழந்தைகளின் குடும்பங்களுக்கென்றே ஒரு பயிற்சி உருவாக்கியிருக்கிறது, 9 தடவை பெற்றோர் குழுவாகக் கூடுவது, 3 தடவை பயிற்சி தருபவர் வீட்டுக்கே வருவது, அவ்வளவுதான் அதன் கட்டமைப்பு. பெரிய நிபுணர்கள் இல்லாத ஊர்களிலும் நடத்த முடியவேண்டும் என்றுதான் அதை அப்படி அமைத்தார்கள். நம் தமிழ்நாட்டிலேயே தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 1981-ல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களையே பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பி அம்மாக்களுக்குச் சொல்லித் தருகிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த நிலையில் அவர் ஆரம்பித்தது அது. பெரிய நகரத்துக்குப் பக்கத்தில் இருந்தால்தான் முடியும் என்று நினைக்காதீர்கள்.

சரி, கோத்தகிரியில் யார் சொல்லித் தருவார்கள்? முதலில் வட்டார வள மையத்துக்குப் போங்கள். நீலகிரியின் நான்கு வட்டாரங்களுக்கும் ஒவ்வொன்று இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் இருப்பார்கள், குறிப்பிட்ட நாட்களில் இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) வருவார். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வந்து சொல்லித்தரும் ஏற்பாடும் உண்டு, அதை எழுதிக் கேளுங்கள், வாயால் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அப்புறம் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பதினெட்டு வயது வரை உள்ள குழந்தைகளுக்காக மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அங்கே பேச்சு, இயன்முறை, காது, கண் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. கோவை இறங்குவதை நினைத்தால் கோத்தகிரியிலிருந்து ஊட்டி முப்பது கிலோமீட்டர்தான், மாதம் ஒரு தடவை முடியாதா என்று பாருங்கள்.

போகும்போது "தெரபி கொடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். "இந்த மாதம் வீட்டில் நாங்கள் செய்ய இரண்டு விஷயம் சொல்லிக் கொடுங்கள், நான் உங்கள் முன்னால் செய்து காட்டுகிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள்" என்று கேளுங்கள். அவர்கள் செய்வதை உங்கள் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், மாமியாரும் கணவரும் பார்க்கட்டும். முதலில் எதைக் கேட்பது என்று தெரியவில்லையென்றால் ஊட்டுவதைப் பற்றிக் கேளுங்கள். நம் வீடுகளில் உட்கார முடியாத பிள்ளையை மடியில் சாய்த்துப் போட்டு, தலையைப் பின்னால் தொங்கவிட்டு ஊட்டுகிறோம், சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போவதற்கு அதைவிட எளிதான வழி வேறு இல்லை. அப்புறம் அடிக்கடி சளி, காய்ச்சல், நிமோனியா என்று ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம், "மலைக் குளிர் ஒத்துக்கல" என்போம். எல்லாச் சளியும் குளிரால் வருவதில்லை தங்கச்சி. முதுகு நிமிர்ந்து, தலை கொஞ்சம் முன்னால் இருக்கிற மாதிரி உட்கார வைத்து, சின்னக் கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாக, அவசரமில்லாமல் ஊட்டவேண்டும். அதற்கு முதுகுக்கும் இரண்டு பக்கத்துக்கும் அணைப்பு கொடுக்கும் மூலை நாற்காலி ஒன்று வேண்டியிருக்கும், அளவைத் தெரபிஸ்டிடம் வாங்கிக்கொண்டால் ஊர் ஆசாரியே செய்து கொடுத்துவிடுவார். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்போது காலையில் அவன் கைகால் இன்னும் விறைப்பாக இருக்கும், வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டிய பிறகு பயிற்சி செய்தால் அவனுக்கும் வலி குறையும், உங்களுக்கும் சிரமம் குறையும்.

அவனுக்குப் புரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். பேச்சு வரவில்லை என்பதால் அவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. ஒரு கையில் களி, ஒரு கையில் சோறு, "எது வேணும்?" என்று கேட்டுவிட்டு அவன் கண் எங்கே போகிறது என்று பாருங்கள், அவசரப்படாமல் காத்திருங்கள், அவன் பார்த்ததைக் கொடுங்கள். இங்கிருந்து ஆரம்பித்துத்தான், படத்தைக் காட்டி வேண்டியதைச் சொல்லும் படப் பலகை வரை போகிறார்கள். இதை ஒரு பாட்டி செய்யலாம், வீட்டுக்கு வரும் குழந்தைகள்கூடச் செய்யலாம்.

பள்ளி விஷயத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு இலவசக் கல்வி உரிமை, அதுவும் பக்கத்துப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுப்பது குடும்பத்தின் விருப்பம், தலைமையாசிரியரின் விருப்பமில்லை. ஒரு வெள்ளைத்தாளில் சேர்க்கைக்கு விண்ணப்பம் எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேளுங்கள். மறுத்தால் அதே தாளை வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுங்கள். தினமும் போக முடியாவிட்டாலும் அவன் பெயர் வருகைப்பதிவேட்டில் இருப்பது பல உதவிகளுக்கு வாசல்.

இப்போது உங்கள் மகள். கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். நான் தாண்ட மாட்டேன். அவள் தம்பியை நேசிக்கிறாள், அதனால்தான் வாய் திறக்காமல் லீவு போடுகிறாள், ஒன்பதாம் வகுப்பில் இப்படி விட்டுப்போகும் கணக்கும் அறிவியலும் பத்தாம் வகுப்பில் வந்து நிற்கும். தூக்குவதுதான் பிரச்சினை என்றால் தூக்குவதற்கு ஒரு வழி கண்டுபிடியுங்கள். மாமியார் தூக்காமலே பகல் நேரத்தில் அவனைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது எப்படி என்று அந்த இயன்முறை மருத்துவரிடம் கேட்கலாம், கணவர் ஜீப் எடுக்கும் முன் காலை வேலைகளை அவர் பொறுப்பில் விடலாம். அப்பாவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னது இதற்காகவும்தான். அவள் பள்ளிக்கூட நாட்களைத் தொடாமல் மற்ற எல்லாவற்றையும் மாற்றிப் பாருங்கள்.

அதற்கு ஒத்தாசை வேண்டும், ஒற்றைக் குடும்பத்தால் முடியாது. தலைப்பில் நான் சொன்ன நாலு அம்மாக்கள் இங்கேதான் வருகிறார்கள். உங்கள் வட்டாரத்தில் இப்படி எந்தெந்த வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது சிறப்புப் பயிற்றுநருக்கும், கிராம சுகாதார செவிலியருக்கும், அங்கன்வாடி அம்மாவுக்கும் தெரியும். அவர்களிடம் அடுத்தவர் நம்பரைக் கேட்காதீர்கள், உங்கள் நம்பரை அந்த வீடுகளில் கொடுக்கச் சொல்லுங்கள், விருப்பமுள்ளவர்கள் கூப்பிடட்டும். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் பிள்ளைக் காப்பகம் பூட்டித்தான் கிடக்கும், மேனேஜரிடம் சாவி கேட்டுப் பாருங்கள். முதல் சந்திப்பில் ஒன்றும் பேசாமல் டீ குடித்துவிட்டு அழுதுவிட்டுப் போனால்கூடப் பரவாயில்லை.

ஐந்து பேர் சேர்ந்தால் மலையில் என்ன மாறும் என்று கேட்பீர்கள். ஒரு பிள்ளைக்காக ஒரு தெரபிஸ்டை லைன் வீடு (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு) வரை வரச் சொன்னால் பஸ் இல்லை, நேரமில்லை என்பார்கள், ஐந்து பிள்ளைகள் ஒரே இடத்தில் இருக்கிறார்கள் என்றால் அதே அலுவலகம் மாதம் ஒரு நாள் ஒதுக்க யோசிக்கும். ஒரு அம்மா இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் இன்னொரு அம்மா ஊட்டி போய்விட்டு வரலாம். பணமும் சேர்க்கலாம், தெரியுமா? மகளிர் சுய உதவிக் குழுவுக்குப் பொதுவாகப் பத்துப் பேர் வேண்டும், ஆனால் மாற்றுத்திறனாளிகள் குழுவுக்கும் மலைப்பகுதி போன்ற கடினமான இடங்களுக்கும் ஐந்து பேர் போதும் என்று தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. ஊராட்சியில் விசாரியுங்கள், உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளி ஒருவரை நியமன உறுப்பினராகச் சேர்க்க 2025-ல் சட்டம் திருத்தியிருக்கிறார்கள், உங்கள் ஊரில் அப்படி யாரையாவது நியமித்திருக்கிறார்களா என்று கேளுங்கள், இருந்தால் அவரையும் கூட்டத்துக்கு அழையுங்கள். லைன் வீட்டிலிருந்து ரோடு வரை சக்கர நாற்காலி உருள ஒரு சிமெண்ட் பாதை வேண்டுமென்றால், அதை ஆகஸ்ட் 15-லோ அக்டோபர் 2-லோ கிராம சபையில் ஐந்து பேர் எழுந்து நின்று கேட்பதற்கும் ஒருவர் தனியாகக் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டமே, "எங்களுக்குப் பிறகு எங்கள் பிள்ளையை யார் பார்ப்பார்கள்" என்று நாடு முழுக்கப் பெற்றோர் சேர்ந்து கேட்டதன் பின்னால் வந்ததுதான்.

காகித வேலையையும் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, இல்லையென்றால் முதலில் அது. அதை வைத்து ஊட்டியில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள், பாதிப்பின் அளவைப் பொறுத்து மாதம் 2000 ரூபாய் கிடைக்கும். அதே தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் அதில் அடக்கம், ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். உங்களுக்கோ கணவருக்கோ பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால் குடும்ப விவரத்தில் அவன் பெயரும் மருத்துவச் சான்றும் ஏறியிருக்கிறதா என்று ஆபீஸில் கேளுங்கள். 1995-ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்தில், உறுப்பினர் இறந்தால் நிரந்தரமாக, முழுமையாகச் செயலிழந்த பிள்ளைக்கு வயது வரம்பில்லாமல் ஆயுள் முழுக்க ஓய்வூதியம் உண்டு, எஸ்டேட்டில் பலருக்கு இது தெரியாது. அவனுக்குப் பதினெட்டு ஆனதும் சட்டப்படி காப்பாளர் யார் என்பதைக் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு முடிவு செய்யும், அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

சொந்தக்காரர்கள் யாராவது லட்சக்கணக்கில் செலவு செய்து ஸ்டெம் செல் போட்டால் நடப்பான் என்று சொன்னால் வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். மூளை முடக்குவாதத்துக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. அந்த ஆசையில் நகையையும் சேமிப்பையும் இழக்காதீர்கள்.

குடிபோவது பற்றி. கோவையில் வாடகை, புது வேலை, துணைக்கு ஆளில்லாத வீடு, எஸ்டேட் வேலையோடு நின்றுபோகும் பி.எஃப். பிடித்தம், இதெல்லாம் சேர்த்து வாரத்துக்கு ஒரு மணி நேரத் தெரபிக்கு விலை என்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை. அதற்குப் பதில் பள்ளி விடுமுறையில் ஒரு தடவை, கணவரோடு, சென்னை முட்டுக்காட்டில் 2005-லிருந்து இயங்கும் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனத்துக்குப் போய்ப் பிள்ளையை முழுசாகக் காட்டி, வீட்டில் செய்யவேண்டியதை எழுதி வாங்கி வாருங்கள், குடும்பத்தோடு தங்க இடம் கிடைக்குமா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் அவனுக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் ஸ்லீப்பரில் 75 சதவீதம் சலுகை உண்டு, அதற்கு ரயில்வேயின் சலுகைச் சான்றுப் படிவத்தில் அரசு மருத்துவரின் கையெழுத்து வேண்டும், ஊட்டி போகும் முதல் தடவையே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.