கேள்வி பதில்: ஒரு சொல் பிள்ளைகள் மனதில் எழுப்பும் உணர்ச்சியைக் கணினி கணிக்குமா?

(குமரி மாவட்டப் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவை. கணினிக்கு மொழியைப் பழக்கும் மொழிக்கணிமைத் துறையில் வேலை செய்யும் ஒருவரின் பதில்கள்.)

கருங்கல் டீச்சர்: அக்கா, ஒரு சொல் இனிக்குமா, பயமுறுத்துமா என்று கணினிக்கு எப்படித் தெரியும்?

முதலில் மனிதர்களிடம் கேட்டாக வேண்டும், டீச்சர். ஆங்கிலத்தில் வாரினர் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2013-இல் வெளியிட்ட பட்டியலில் 13,915 சொற்கள் உண்டு. இனிமை, மனக்கிளர்ச்சி, ‘எல்லாம் நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது’ என்ற உணர்வு என மூன்று வகையில் பெரியவர்கள் 1 முதல் 9 வரை மதிப்பெண் போட்டார்கள். இன்னொரு பக்கம், கணினியை ஏராளமாகப் படிக்கவைத்து ஒவ்வொரு சொல்லையும் சில நூறு எண்களாக மாற்றுகிறோம். ஒரே மாதிரி இடங்களில் வரும் சொற்களுக்கு எண்களும் நெருங்கி அமையும். மனிதர்கள் போட்ட மதிப்பெண்ணுக்கும் இந்த எண்களுக்கும் உள்ள தொடர்பைக் கற்ற கணினி, யாரும் மதிப்பிடாத சொல்லுக்கும் ஓர் ஊகம் தரும். தமிழ்ச் சொற்களுக்கு ஃபாஸ்ட்டெக்ஸ்ட் என்ற மென்பொருளால் இப்படி உருவாக்கிய எண்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

தக்கலை: அது பெரியவங்க மனசுதானே?

ஆமாம், என் கவலையும் அதுதான். செய்தியும் விக்கிப்பீடியாவும் படித்த கணினிக்கு ‘கலெக்டர்’ என்றால் மனு, உத்தரவு, ஆய்வு. நம் பிள்ளைகளுக்கோ மழை லீவு விடுகிறவர்! அதனால் பாடநூல், சிறுவர் கதை, வீட்டுப் பேச்சுப் பதிவு இவற்றில் பயிற்சி கொடுக்கவேண்டும். முடிவைப் பிள்ளைகள் போட்ட மதிப்பெண்ணோடு ஒப்பிடாமல் நம்பவே கூடாது.

குளச்சல், ஒரு தாய்: எங்க பிள்ளையளுக்கும் பேச்சிப்பாறைப் பிள்ளையளுக்கும் ‘கடல்’ ஒண்ணாவா இருக்கும்?

இருக்காது அம்மா. 2004 சுனாமிக்கும் 2017 ஒக்கி புயலுக்கும் பிறகு பிறந்த பிள்ளைகூட அந்தக் கதைகளைக் கேட்டுத்தான் கடற்கரையில் வளர்கிறது. தொழிலுக்குப் போன அப்பா கரையேறும் சந்தோஷமும் அதே சொல்லில்தான் இருக்கிறது. பாதிப் பேர் 9, பாதிப் பேர் 1 போட்டால் சராசரி 5. அதைப் பார்த்து ‘உணர்ச்சியே இல்லாத சொல்’ என்று எழுதிவிடுவார்கள். மதிப்பெண் எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கடலோரம், மலையோரம் என்று தனித்தனியாகவும் கணக்கெடுங்கள்.

மார்த்தாண்டம்: ஆறு வயசுப் பிள்ளை ஒன்பது படி புரிந்து மதிப்பெண் போடுமா?

சிரமம். அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம்வரை ஐந்து படம் போதும். சொல் தெரியுமா என்று முதலில் கேளுங்கள். தெரியாத சொல்லுக்கு வந்த மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள்.

ஆரல்வாய்மொழி: சாட்ஜிபிடியிடம் ‘நீ ஏழு வயசுப் பிள்ளை’ என்று சொல்லிக் கேட்டால்?

எண் தரும். ஆனால் அது பெரும்பாலும் பெரியவர்கள் எழுதியதைப் படித்துக் கற்பனை செய்த பிள்ளை. எந்தச் சொற்களைக் கேட்கலாம் என்று தேர்ந்தெடுக்க உதவும், அவ்வளவுதான்.

நாகர்கோவில், ஒரு தகப்பனார்: மகன் எழுதிய கட்டுரையை இதில் போட்டு அவன் மனநிலையை அறியலாமா?

வேண்டாம் சார், அவனிடமே பேசுங்கள். பட்டியலில் இருப்பது ஒரு கூட்டத்தின் சராசரி. சொல்லைச் சொல்லாக மட்டும் கூட்டுகிற கணக்கில், ‘எனக்குப் பயமே இல்ல’ என்று அவன் எழுதினாலும் ‘பயம்’ என்பதற்காக மதிப்பெண் குறையும்.