பல வருடம் சும்மா கிடந்த பழைய அவுட்போர்டு மோட்டாரை (படகின் பின்பக்கம் மாட்டும் எஞ்சின்) மறுபடியும் ஓட வைக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. டிரம் தண்ணீரில் வைத்துச் சத்தம் வர வைப்பது ஒன்று. அதை வள்ளத்தில் மாட்டிக்கொண்டு கரையை விட்டுப் போய்த் திரும்பி வரலாமா என்பது இன்னொன்று. முதலாவது அவ்வளவு கஷ்டமில்லை. பலரும் அதோடு திருப்தியாகிவிடுகிறார்கள், வம்பே அங்கேதான்.

நீங்கள் சொன்னது: அப்பா வைத்திருந்த இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் மண்ணெண்ணெய் மோட்டார், படகை விற்றபின் சாய்ப்பில் சாத்தி வைத்தது, ஸ்டார்ட் செய்ய இழுக்கும் கயிறு பாதி வந்து நின்றுவிடுகிறது, பார்த்தவர் "எடைக்குப் போட்டிருங்க" என்றுவிட்டார். எடைக்குப் போட அவசரம் வேண்டாம். எனக்கு ஊர் திருநெல்வேலிக் கடற்கரையில் உவரிப் பக்கம். எங்கள் மாமாவின் மோட்டார் ஒன்றை இதே நிலைமையிலிருந்து எழுப்பினோம். அதில் கைவேலை பாதி என்னுடையது, யோசனை முழுக்க கூத்தங்குழி மெக்கானிக் அண்ணாச்சி ஒருவருடையது. அவர் வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "ஏ தம்பி, கயித்துல கைய வைக்காத."

காரணம் இருக்கிறது. உள்ளே மோதிரங்கள் (பிஸ்டன் ரிங்) சிலிண்டர் சுவரோடு துருவில் ஒட்டியிருக்கும். வேகமாக இழுத்தால் மோதிரம் உடைந்து சிலிண்டரைக் கீறிவிடும், அப்புறம் அது உண்மையாகவே எடைக்குத்தான். பிளக்குகளைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் விட்டு ஊற விடுங்கள். தினமும் ஒருமுறை மேலே இருக்கும் மேக்னட்டை (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) கையால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். பைப்பை மாட்டி நெம்புகிற வேலை கூடாது. திருப்புவதும் கடிகாரம் சுற்றுகிற பக்கமாகவே இருக்கட்டும். எதிர்ப்பக்கம் திருப்பினால் அடியில் இருக்கும் தண்ணீர் பம்பின் ரப்பர் இதழ்கள் மடங்கிப் போகும். இளகியதும் பிளக் ஓட்டைமேல் துணி போட்டுச் சுற்றினால் கலவை வெளியே வந்துவிடும். அதன்பிறகு கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பாருங்கள். மண்ணெண்ணெய் மோட்டாரில் அழுத்தம் எப்படியும் குறைவாகத்தான் காட்டும், அதனால் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டு சிலிண்டருக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எல்லாரும் இந்தக் கட்டத்தில் கார்புரேட்டரைக் கழற்ற ஓடுவார்கள். அண்ணாச்சி நேரே அடிப்பக்கம் போனார். கியர் பெட்டியில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஸ்க்ரூ இருக்கும். கீழே உள்ளதைத் திறந்து, மேலே உள்ளதையும் தளர்த்தி எண்ணெயை ஒரு டப்பாவில் பிடியுங்கள். கருப்பாக வந்தால் சந்தோஷம். பாலாக வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. எண்ணெய்க்கு முன்னால் வெறும் தண்ணீரே வந்தால் பேரிங்கும் பல்லும் துருப்பிடித்திருக்க வாய்ப்பு அதிகம், செலவு எங்கே போய் நிற்கும் என்று அப்போதே கணக்குப் போட்டுவிடலாம். நம் கரையில் இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். புரொப்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள், அதன் பின்னால் தண்டில் தங்கூசியோ (நைலான் நரம்பு) வலை நூலோ இறுகச் சுற்றியிருக்கும். அது உருகி, ஆயில் சீலை (எண்ணெய் கசியாமல், தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) அறுத்து, உப்புத் தண்ணீருக்கு வழி விட்டிருக்கும். எங்களுக்கு வந்தது பால்தான். சீலின் மேலேயே உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் அச்சடித்திருக்கும், அந்த எண்ணைச் சொன்னால் திருநெல்வேலி பேரிங் கடைகளிலேயே கிடைத்துவிடும். உள்ளே இருக்கும் சுருள் கம்பி துருப்பிடிக்காத ரகமா என்று கேட்டு வாங்குங்கள். புது எண்ணெய் விடும்போது கீழ் ஓட்டை வழியாக ஏற்றி, மேல் ஓட்டையில் வழியும்வரை விட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று தங்கிவிடும்.

அதே கையோடு அடிப்பகுதியை இறக்கி இம்பெல்லரை (தண்ணீர் பம்பின் ரப்பர் இதழ்ச் சக்கரம்) மாற்றிவிடுங்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். பல வருடம் ஒரே நிலையில் நின்ற ரப்பர் இதழ்கள் வளைந்தபடியே விறைத்திருக்கும், தண்ணீரை ஏற்றாது. மோட்டாரிலேயே விலை குறைந்த சாமான்களில் ஒன்று அது, கெட்டால் எரிவதோ மொத்த எஞ்சின்.

இறக்கும்போது போல்ட் உடைவதுதான் பெரிய தலைவலி. அலுமினிய உடம்பில் ஸ்டீல் போல்ட், நடுவில் உப்பு, மூன்றும் சேர்ந்து ஒரே உலோகம் போல ஆகியிருக்கும். ஊறும் எண்ணெய் விட்டு, கேஸ் டார்ச்சால் அலுமினியப் பக்கத்தைச் சூடாக்கி (பெட்ரோல் டப்பா பக்கத்தில் இல்லாமல்), முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூலளவு திருப்பி, அப்புறம் கழற்றுங்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் பொறுமை இல்லாதவர்களைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். எங்கள் மச்சான் ஒருவரை டீ வாங்கி வரச் சொல்லியே தூரத்தில் வைத்திருந்தோம்.

ஸ்பார்க் விஷயத்துக்கு வருவோம். பிளக்கைக் கழற்றி, அதன் உடம்பு எஞ்சினில் தொடும்படி வைத்துச் சுற்றினால் நீலப்பொறி வர வேண்டும். வயரைச் சும்மா தொங்கவிட்டுச் சுற்றக் கூடாது, சிடிஐ (பொறியை உண்டாக்கும் மின்னணுப் பெட்டி) வைத்த மோட்டாரில் அந்தப் பெட்டியே போய்விடலாம். பொறி வரவில்லை என்றதும் காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் கம்பிச் சுருள்) வாங்க ஓடாதீர்கள். எஞ்சினை நிறுத்தும் சுவிட்சுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை பாருங்கள். உப்பு பிடித்த சுவிட்ச் உள்ளுக்குள்ளேயே எர்த் ஆகி, எப்போதும் 'நிறுத்து' என்று சொல்லிக்கொண்டிருக்கும். எலி கடித்த வயரும் இதையே செய்யும். எங்கள் மாமா மோட்டாருக்கு வேறொருவர் புதுக் காயில் வேண்டும் என்று சொல்லியிருந்தார். கோளாறு இந்த வயர்தான். இன்னும் பழைய ரகம் என்றால் மேக்னட்டுக்கு அடியில் பாயிண்ட் (பொறியைத் தூண்டும் தொடுமுனை) இருக்கும். மேக்னட்டைக் கழற்றப் புல்லர் வேண்டும், சுத்தியலால் தட்டிக் கழற்றுகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

கார்புரேட்டருக்கு நான் அதிகம் எழுத மாட்டேன். மண்ணெண்ணெய் மோட்டாரைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மறுபடி பெட்ரோலுக்கு வர வேண்டும். கடைசியாக நிறுத்தியபோது யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள். அதனால் கிண்ணத்தில் பிசின் மாதிரி படிந்திருக்கும். முழுக்கப் பிரித்து கிளீனர் அடித்துக் கழுவுங்கள். ஜெட் பித்தளை, கம்பியை விட்டுக் குடைந்தால் ஓட்டை பெரிதாகிவிடும், தங்கூசி நரம்பே போதும். எரிபொருள் பம்பின் மெல்லிய சவ்வையும், கையால் அமுக்கும் பல்பையும், ஹோஸையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் அதில் ஊறி உப்பும், பிசுபிசுக்கும். கடற்கரை ஈரத்தில் எத்தனால் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும், ஆகையால் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் வைக்க வேண்டாம்.

ஆயில் பற்றி ஒரு வார்த்தை. பைக்குக்கு விற்கும் 2டி ஆயிலை ஊற்றுகிற பழக்கம் ஊரில் இருக்கிறது. அது காற்றில் குளிரும் எஞ்சினுக்கானது. அவுட்போர்டுக்கு டப்பாவில் டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று போட்டிருக்க வேண்டும், அதில் சாம்பல் படியாது. பல மோட்டார்களுக்கு 50:1, அதாவது 10 லிட்டருக்கு 200 மில்லி. சில பழைய மோட்டார்கள் 25:1 கேட்கும். உங்கள் மாடலுக்கு என்ன என்று பார்த்துவிட்டுக் கலக்குங்கள், முதல் ஓட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும்.

இனி டிரம். 200 லிட்டர் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு முழுகுகிற அளவுக்கு இறக்குங்கள். "சும்மா ரெண்டு செகண்டு" என்று தண்ணீர் இல்லாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது, புது இம்பெல்லர் கருகிவிடும். சுவிட்ச் வயரைக் கழற்றி வைத்திருந்தால் எஞ்சினை நிறுத்த சோக்கை முழுக்க இழுக்க வேண்டியிருக்கும், அதை முன்பே ஞாபகத்தில் வையுங்கள். ஓடத் தொடங்கியதும் பக்கவாட்டு ஓட்டை வழியே தண்ணீர் பீய்ச்ச வேண்டும். வரவில்லையா, உடனே நிறுத்துங்கள். புது இம்பெல்லர் போட்டும் எங்களுக்கு வரவில்லை. குளவி அந்த ஓட்டைக்குள் மண்கூடு கட்டி வைத்திருந்தது! அதைக் குடைந்து எடுத்தும் மெலிசாக வந்தால், உள் வழிகளில் உப்புப் பாறை பிடித்திருக்கிறது என்று அர்த்தம். தலைப்பகுதி மூடியைத் திறந்து சுரண்டி, நல்ல தண்ணீரில் ஊறவைத்து, கேஸ்கட் மாற்றிப் போடத்தான் வேண்டும்.

எல்லாம் சரியாகி, ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கூடி நின்று பார்க்க, மோட்டார் ஓடும். இங்கேதான் நிதானம் வேண்டும். நம் கரையில் துறைமுகத்துக்குள் இருந்து நிதானமாகக் கிளம்புகிற வசதி எல்லா ஊருக்கும் கிடையாது. திறந்த மணல் கரையில் இருந்து தள்ளி, அலை உடையும் இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தக் கொஞ்ச தூரத்தில் மோட்டார் ஒரு விக்கல் விட்டு நின்றால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும், அடுத்த அலையில் கவிழும். ஆகவே டிரம்மில் ஒருமுறை ஸ்டார்ட் ஆனது போதாது. குளிர்ந்த நிலையில் வருகிறதா, நன்றாகச் சூடேறி நிறுத்தியதும் உடனே வருகிறதா, மெதுவோட்டத்தில் இருந்து திடீரென்று முறுக்கினால் திணறாமல் எடுக்கிறதா, பெட்ரோலில் இருந்து மண்ணெண்ணெய்க்கு மாறும்போது இருமுகிறதா என்று பல நாள் பாருங்கள். சூடான பிறகு ஸ்டார்ட் ஆக மறுத்தால் காயிலோ சிடிஐயோ சூட்டில் மடங்குகிறது, அதைச் சரிசெய்யாமல் தண்ணீரில் இறக்காதீர்கள்.

"குளத்தில் ஓட்டிப் பார்த்தால் என்ன?" என்று கேட்பீர்கள். அமலை (ஆகாயத்தாமரை) படர்ந்த குளமென்றால் புரொப்பெல்லரிலும் தண்ணீர் உறிஞ்சும் வாயிலும் சுற்றிக்கொள்ளும், எதற்கு இன்னொரு வேலை.

விட்டுவிடலாம் என்று எப்போது முடிவெடுப்பது? சிலிண்டர் சுவரில் நகம் மாட்டுகிற அளவு கீறல், பிளாக்கில் வெடிப்பு, கியர் பல் தின்றுபோனது, இதில் இரண்டு சேர்ந்தால் உதிரிபாகங்களுக்காகப் பிரித்து விற்றுவிடுங்கள். உங்களுடையது எவின்ரூட் அல்லது ஜான்சன் என்றால் இன்னும் யோசியுங்கள். எவின்ரூட் தயாரிப்பை 2020-இல் நிறுத்திவிட்டார்கள், ஜான்சன் அதற்கும் முன்பே போய்விட்டது. யமஹா, சுசுகி என்றால் தூத்துக்குடியிலோ குளச்சல் பக்கமோ தேடிப் பார்க்கலாம், பழைய சாமானாவது அகப்படும்.

முதல் தடவை கடலுக்குப் போகும்போது கச்சான் காற்று வீசுகிற ஆனி ஆடியைத் தவிர்த்துவிட்டு, அலை அடங்கிய ஒரு காலையில், இன்னொரு படகைக் கூடக் கூட்டிக்கொண்டு போங்கள். துடுப்பு, ஒரு செட் பிளக், பிளக் ஸ்பேனர், புரொப்பெல்லருக்கு மாற்றுப் பின், கையால் சுற்றி இழுத்து ஸ்டார்ட் செய்ய ஒரு கயிறு, இவை படகிலேயே கிடக்கட்டும். திரும்பி வந்ததும் அதே டிரம்மில் நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, எரிபொருள் ஹோஸைக் கழற்றி கார்புரேட்டர் காலியாகித் தானே நிற்கும்வரை விடுங்கள். அப்படியே நிமிர்த்தி வைத்தால் உள்ளே நிற்கும் தண்ணீரும் வடிந்துவிடும்.