வாசகர் கேள்வி: வெட்டியும் தழைக்கும் சீமைக்கருவேலம்

கேள்வி: எங்கள் ஊர் எண்ணூர். கழிமுகத்தின் கரையில் அலையாத்திக் கன்றுகள் நடுவதற்காகச் சீமைக்கருவேல மரங்களை வெட்டினார்கள். ஒரு மழைக்குப் பின் அவை மீண்டும் புதராகிவிட்டன. என்ன செய்யலாம்?

பதில்: மரத்தைத் தரையோடு வெட்டினால், தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்தில் உறங்கும் மொட்டுகள் விழித்துக்கொண்டு, ஒரு தண்டு இருந்த இடத்தில் பல தண்டுகளை எழுப்பும். ஆகவே, மண்ணைத் தோண்டி அந்தக் கழுத்துப் பகுதியையும் சேர்த்து அகற்ற வேண்டும். நெற்றுகள் பழுப்பதற்கு முன்பே இதைச் செய்வது நல்லது. ஆடுமாடுகள் அவற்றைத் தின்று, சாணத்தின் வழியே விதைகளைப் பரப்பிவிடும்.

ஆனால், இதைவிட முக்கியமாக நான் கருதுவது ஓதநீரின் போக்கு. கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்கும் சேற்றில் சீமைக்கருவேலம் எளிதில் காலூன்றாது. மண்ணும் சாம்பலும் கொட்டி மேடாக்கப்பட்ட இடங்களே அதற்கு வாய்ப்பானவை. மேட்டை அப்படியே விட்டுவிட்டு அதன்மேல் அலையாத்தியை நட்டால், கன்றுகள் காய்ந்து, பழைய புதரே திரும்பும். எனவே முதலில் அடைபட்ட வாய்க்கால்களைத் திறக்க வேண்டும். தோண்டிய மண்ணைக் கரையிலேயே குவித்துவிடவும் கூடாது. அங்கே தானாக வளர்ந்திருக்கும் உமிரியைக் களையென்று பிடுங்காதீர்கள். அது உவர்நிலத்துக்கே உரிய செடி.

வெள்ளத்தில் கொசஸ்தலையாறு அடித்துவரும் ஆகாயத்தாமரை உப்புநீரில் மடிந்துவிடும். எனினும் அது அழுகும்போது நீரின் ஆக்சிஜன் குறைவதால், மீன்களும் இறால்களும் பாதிக்கப்படும். அழுகுமுன் வாரிக் கரையேற்றுங்கள்.