கேட்டவை, சொன்னவை: கடவுளுக்குக் கொடுத்த கேடயங்கள்

வான் ஏரியைப் பற்றிப் போன இதழில் நான் எழுதிய இரண்டு பக்கத்துக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று ஆசிரியரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. பாதிப் பேர் கேட்டிருப்பது கட்டுரையின் ஓரத்தில் போட்டிருந்த வெண்கலக் கேடயத்தைப் பற்றி. சரி, இந்த முறை பகுதி முழுக்க உரார்த்துவுக்கே. கட்டுரையைப் படிக்காதவர்களுக்கு: கி.மு. 9ஆம் நூற்றாண்டில் எழுந்து சுமார் இருநூறு வருடத்துக்கு மேல் நின்ற மலைநாட்டு அரசு அது. இன்றைய கிழக்குத் துருக்கி, ஆர்மீனியா, வடமேற்கு ஈரான் என்று பரவியிருந்தது. தலைநகர் துஷ்பா, வான் ஏரிக்கரையில். தெற்கே தீராத பகையாளி அசீரியா. பெரிய தெய்வங்கள் மூன்று: எல்லாருக்கும் மேலே ஹல்தி, இடி மழைக்குத் தெய்ஷெபா, சூரியனுக்கு ஷிவினி.

என் மகள் ஆர்மீனியத் தலைநகர் ஏரவானில் மருத்துவம் படிக்கிறாள். அங்குள்ள அருங்காட்சியகத்தில் எடுத்த ஒரு தலைக்கவசப் படத்தை அனுப்பினாள். நெற்றியில் வரிசையாக மரங்கள், பக்கத்தில் கையில் வாளியோடு ஆட்கள், சுற்றிலும் பாம்புகள். போர்க்கவசத்தில் மரமும் வாளியும் எதற்கு?
– வாசகி, நாமக்கல்

படத்தையும் இணைத்திருந்தீர்கள், நன்றி அம்மா. அது சர்துரி என்ற அரசன் பெயருக்குரிய தலைக்கவசம் (இரண்டாம் சர்துரி, கி.மு. 8ஆம் நூற்றாண்டு). ஏரவானின் ஓரத்தில் கர்மீர் புளூர் என்ற மேட்டில் கிடைத்தது. தொல்லியலாளர் போரிஸ் பியோத்ரோவ்ஸ்கி 1939 முதல் அங்கே தோண்டினார். உங்கள் மகளுக்கு நேரம் இருந்தால் அந்த மேட்டையும் போய்ப் பார்க்கட்டும், ஊருக்குள்ளேயேதான் இருக்கிறது.

கவசத்தை முன்னாலிருந்து பாருங்கள். இரண்டு வரிசையில் பதினொரு மரங்கள். நிஜத்தில் எந்தக் காட்டிலும் முளைக்காத மரம், கோலம் போட்டதுபோல் இரு பக்கமும் அச்சாக ஒன்றுபோல் இருக்கும். ஒவ்வொன்றின் இரு புறமும் தேவர்கள் நிற்கிறார்கள், சிலருக்குத் தாடி உண்டு, சிலருக்கு இல்லை. ஒரு கையில் கூம்பு, மறு கையில் சின்ன வாளி. இந்தக் காட்சியைச் சூழ்ந்து நெளியும் பாம்புகளின் உடல்தான் பாம்பு, தலை சிங்கம். உங்கள் மகள் அடுத்த முறை போகும்போது பின்பக்கத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். அங்கே தேவர் யாரும் இல்லை, தேர்களும் குதிரை வீரர்களும்தான் ஓடுகிறார்கள்.

மரமும் வாளியும் அசீரியாவிலிருந்து வந்த சரக்கு. நிம்ருத் அரண்மனைச் சுவர்களில் இதே காட்சி திரும்பத் திரும்ப வரும். பேரீச்சைக்கு மகரந்தம் தூவுகிறார்கள் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். தண்ணீரோ எண்ணெயோ தெளித்துத் தூய்மை செய்கிறார்கள், காப்புச் செய்கிறார்கள் என்பவர்கள் இன்று அதிகம். நான் இரண்டாவது கட்சி. வான் ஏரியே கடல் மட்டத்துக்கு 1,600 மீட்டருக்கு மேல், பனி கொட்டும் ஊர். அங்கே பேரீச்சை ஏது? பகைவன் ஊர்ப் படத்தை வாங்கித் தன் அரசன் தலையில் வைத்தவனுக்கு வேண்டியிருந்தது தோட்டக் கலை இல்லை. ‘இந்த இடம் தேவர் காவலில் இருக்கிறது’ என்று பார்த்ததும் புரிய வேண்டும், அவ்வளவுதான். அம்பும் வாளும் முதலில் விழும் இடம் நெற்றி. காவல் அங்கே வந்தது நியாயம்தானே.

கேடயத்தில் வட்டம் வட்டமாகச் சிங்கமும் காளையும் இருக்கின்றன. எதிரியைப் பயமுறுத்தவா?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

பயமுறுத்த என்றால் எதிரி பார்க்க வேண்டும். இந்தக் கேடயங்களில் பெரும்பாலானவற்றை எதிரி பார்த்திருக்க மாட்டான்.

வேலைக்காலம் முழுக்க வெண்கலத்தின் பச்சைக் களிம்பைச் சுரண்டியே பென்ஷன் வாங்கியவன் நான். ஒரு பொருள் கைக்கு வந்தால் படத்தைப் பார்க்குமுன் தகட்டின் கனத்தையும் தேய்மானத்தையும் பார்ப்பதுதான் பழக்கம். இந்தக் கேடயங்கள் அகலத்தில் ஒரு மீட்டர் வரை வரும், தகடோ மெல்லிசு. அப்புறம் மிருகங்கள் நிற்கும் விதத்தைக் கவனியுங்கள். வட்டத்தில் சுற்றி ஓடும் மிருகங்களை ஒரே போக்கில் வரைந்தால் ஒரு பாதி தலைகீழாகத்தான் வரும். இங்கே அப்படி இல்லை. பாதி வட்டம் வந்ததும் கம்மாளர் கால்களின் பக்கத்தை மாற்றிவிடுகிறார், ஆகவே எந்தச் சிங்கமும் எந்தக் காளையும் தலைகீழாகத் தொங்குவதில்லை. போர்க்களத்தில் எந்தப் பக்கமும் திரும்பும் கேடயத்துக்கு இந்தச் சிரமம் தேவையில்லை. மேல் எது கீழ் எது என்று முடிவு செய்து, சுவரில் மாட்டுவதற்காகவே செய்தது இது.

விளிம்பில் ஓடும் ஆப்பெழுத்தும் (ஆப்பு வடிவக் கோடுகளால் ஆன பழைய எழுத்து) அதையே சொல்கிறது. துருக்கியின் வான் நகருக்குப் பக்கத்தில் தோப்ரக்கலே என்ற இடத்தில் கிடைத்து இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் கேடயங்களில், எரிமேனாவின் மகன் ருசா என்ற அரசன் இதைத் தன் இறைவன் ஹல்திக்குக் கொடுத்தான் என்று இருக்கிறது. சொந்தக்காரன் அரசன் இல்லை, தெய்வம்.

இதற்கு எதிரி வீட்டுச் சாட்சியமும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. கி.மு. 714இல் அசீரிய அரசன் இரண்டாம் சார்கோன் மலை ஏறி வந்து முசாசிர் என்ற ஊரில் இருந்த ஹல்தி கோயிலைக் கொள்ளையடித்தான். பிறகு தன் தெய்வம் அசூருக்குக் கடிதம் எழுதுவதுபோல் ஒரு களிமண் பலகையில் கணக்கு ஒப்பித்தான். அது இன்று பாரிஸ் லூவரில் இருக்கிறது. வெண்கலக் கேடயம் மட்டும் 25,212 என்கிறது கணக்கு. அது பெருமைக்குப் பெருக்கியதாகவே இருக்கட்டும், அதே கணக்கில் இன்னொரு வரியைப் பாருங்கள். கோயிலில் இடமும் வலமும் தொங்கிய ஆறு தங்கக் கேடயங்கள், நடுவிலிருந்து பல்லைக் காட்டும் நாய்த்தலைகள், எடை 5 தாலந்து 12 மினா (அந்தக் காலத்து எடை அளவுகள்). குறைந்தபட்ச அளவில் கணக்குப் போட்டாலும் 150 கிலோவைத் தாண்டும், ஆளுக்கு ஒன்று கொடுத்தால் தலைக்கு 25 கிலோ. எந்த வீரன் தூக்குவான்?

சார்கோனின் அரண்மனைச் சுவரில் இந்தக் கொள்ளையே சிற்பமாக இருந்தது. கோயில் முகப்பில் கேடயங்கள் தொங்குகின்றன, கூரை உச்சியில் ஈட்டி முனை நிற்கிறது. அந்தக் கல் 1855இல் படகோடு டைகிரிஸ் பக்கம் மூழ்கிவிட்டது. அதற்கு முன் பிளாந்தான் என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்து வைத்த படம்தான் நமக்கு மிச்சம். ‘நடுவில் மிருகத்தலையாவது, புருடா’ என்று நினைத்தவர்களுக்கு வான் ஏரியின் கீழ்க்கரையில் உள்ள அயானிஸ் கோட்டை பதில் சொன்னது. அங்கே தோண்டியபோது நடுவில் சிங்கத்தலை துருத்திய கேடயமே கிடைத்தது, ஆர்கிஷ்டியின் மகனான இன்னொரு ருசா ஹல்திக்குக் கொடுத்தது. அசீரியக் கணக்கப்பிள்ளைக்கு அது நாயாகத் தெரிந்திருக்கலாம்!

சிங்கம் ஹல்தியின் வாகனம், காளை தெய்ஷெபாவின் வாகனம் என்று ஒரு நூலில் படித்தேன். அப்படியானால் சிங்கம் இருந்தாலே ஹல்தி என்று எடுத்துக்கொள்ளலாமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், திண்டுக்கல்

வேண்டாம் ஐயா. அருங்காட்சியக அட்டைகளில் இது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்கு அதில் எரிச்சல் உண்டு. வான் நகருக்கு அருகே மேல் அன்சாஃப் கோட்டையில் 1990களில் ஒக்தாய் பெல்லி குழுவினர் ஒரு கேடயத்தின் துண்டுகளை எடுத்தார்கள். அதில் தெய்வங்கள் ஊர்வலமாக அசீரியப் படைமேல் பாய்கிறார்கள். முன்னால் வருபவர் ஹல்தி, கையில் ஈட்டி, உடம்பைச் சுற்றித் தீ நாக்குகள். அவர் காலுக்குக் கீழே மிருகமே இல்லை, நடந்துதான் வருகிறார். பின்னால் வருபவர்களே வாகனம் ஏறி வருகிறார்கள். சிங்கத்தின்மேல் நிற்பவர் தெய்ஷெபா, காளைமேல் நிற்பவர் ஷிவினி என்று அதைப் படிக்கிறார்கள். பழைய பட்டியல் அப்படியே புரண்டுவிட்டது பாருங்கள்.

ஆகவே தெய்வத்தை அடையாளம் காண வாகனத்தை மட்டும் நம்ப வேண்டாம். கொம்பு வைத்த தொப்பி இருந்தால் தெய்வம் என்பது உறுதி, மெசப்பொத்தாமியா முழுக்கச் செல்லுபடியாகும் அடையாளம் அது. சிறகு விரித்த வட்டம் சூரியனுக்கு. சில தலைக்கவசங்களின் நெற்றியில் புடைப்பாக வரும் கவட்டை வடிவம் மின்னல் கற்றை, இடித் தெய்வத்தின் கை ஆயுதம். வெறும் சிங்கமும் காளையும் மட்டும் வட்டமிட்டால், ‘கோயில் பொருள்’ என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஷிவினி என்பது நம் சிவன்தானே?
– ஐந்து வாசகர்கள், ஐந்து ஊர்கள்

இல்லை. ஹுரியர் என்ற அண்டை மக்களின் சூரியக் கடவுள் ஷிமிகி, அவருக்குத்தான் ஷிவினி உறவு. தெய்ஷெபாவும் ஹுரியரின் தெஷுப்தான்.

அவர்களுக்கும் ஆயுத பூஜை உண்டா? சாமிக்கு ஆயுதம் கொடுத்திருக்கிறார்களே?
– பட்டறைக்காரர், கோவை

நல்ல கேள்வி. வான் நகரில் மெஹெர் கப்பிசி என்று ஒரு பாறை இருக்கிறது, கதவுபோலக் குடைந்து எழுத்து வெட்டியது. கி.மு. 9ஆம் நூற்றாண்டின் கடைசியில் அரசன் இஷ்புயினியும் மகன் மெனுவாவும் வெட்டினார்கள். எந்தத் தெய்வத்துக்கு எத்தனை பலி என்ற பட்டியல் அது. ஹல்திக்கு 17 காளை, 34 ஆடு. தெய்ஷெபாவுக்கு 6 காளை, 12 ஆடு. ஷிவினிக்கு 4 காளை, 8 ஆடு. யாருக்கு எவ்வளவு மரியாதை என்பதை இதைவிடப் பச்சையாகச் சொல்ல முடியாது. அதே பட்டியலில் ஹல்தியின் வாசலுக்கும் ஹல்தியின் ஆயுதங்களுக்கும் தனியாகப் பலி உண்டு.

ஒரே வித்தியாசம். நீங்கள் சரஸ்வதி பூஜையன்று சந்தனம் வைப்பது உங்கள் லேத்துக்கும் உங்கள் ஸ்பேனருக்கும், மறுநாள் அதை எடுத்து வேலை செய்வீர்கள். அங்கே பலி வாங்கியது சாமியின் ஆயுதம். போர் என்றால் முதலில் புறப்படுபவர் ஹல்தி, அரசன் அவர் பின்னால் போகிறான் என்றுதான் வெற்றிக் கல்வெட்டுகள் எழுதுகின்றன. கிளம்புகிறவருக்கு ஆயுதமும் கேடயமும் தலைக்கவசமும் இருக்க வேண்டாமா? கொடுத்தார்கள். ஹல்தி வீட்டில் அது குவிந்தது. கர்மீர் புளூர் கோட்டை கி.மு. 7ஆம் நூற்றாண்டில் கட்டியது, ஆனால் அங்கே கிடைத்த கேடயங்களில் அதற்கு நூறு வருடம் முந்தைய அரசர்களின் பெயர். பழசாகிவிட்டது என்று யாரும் உருக்கவில்லை, பத்திரமாக ஊர் மாற்றியிருக்கிறார்கள்.

இணையத்தில் ‘உரார்த்து வெண்கல இடைக்கச்சை, சாமி உருவத்துடன்’ என்று ஒரு துண்டு விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், சிங்கப்பூர்

வாங்காதீர்கள். முதல் காரணம், கல்லறையையோ கோட்டையையோ திருட்டுத்தனமாகத் தோண்டாமல் அது சந்தைக்கு வந்திருப்பது அபூர்வம். 1971இல் கியிம்லி என்ற கிராமத்தில் கிராமத்தார் கையில் கிடைத்த வெண்கலத் தகடுகள் எத்தனை நாட்டுக்குச் சிதறின தெரியுமா? எந்தத் தகட்டுக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பது போனது போனதுதான்.

இரண்டாவது, உலோகம் நிஜம், உருவம் பொய் என்ற வகை நிறைய. பழைய வெறும் தகட்டை எடுத்து, விலை ஏறட்டும் என்று இன்றைய ஆள் ஒரு சாமியைச் செதுக்கிவிடுவான். தகட்டைச் சோதித்தால் வெண்கலம் பழசு என்றே வரும். பார்க்க வேண்டியது கோட்டின் பள்ளத்தை. அந்தக் காலத்துக் கோடு என்றால் தகட்டோடு சேர்ந்து மண்ணில் கிடந்தது, களிம்பு மேலிருந்து பள்ளத்துக்குள் இறங்கி மறுகரை ஏறித் தொடர்ச்சியாகப் போகும். புதுக் கோடு களிம்பை அறுத்துக்கொண்டு போகும், ஓரம் பொரிந்திருக்கும், உள்ளே பச்சைச் சாயம் அப்பியிருக்கும். ஊசி முனையால் தொட்டால் சாயம் பொடியாக வரும், களிம்பு வராது. நல்ல லென்ஸ் போதும். ஆனால் விற்பவர் அனுப்பும் படத்தில் இது தெரியாது, தெரியக்கூடாது என்றுதான் அப்படி எடுப்பார்கள்.

நிஜக் கச்சையின் விளிம்பு நெடுக ஊசித்துளைகள் இருக்கும், தோலோடு வைத்துத் தைப்பதற்கு. ஆசைக்கு அதை ஏரவானிலோ வான் நகரிலோ கண்ணாடிக்குப் பின்னால் பார்த்துக்கொள்ளுங்கள், சிங்கப்பூரிலிருந்து டிக்கெட் அந்தத் துண்டைவிட மலிவாகவே இருக்கும்.

(அடுத்த இதழில் பழங்கால மணிகள். கேள்விகளைத் தபால் அட்டையிலும் அனுப்பலாம். ஆளுக்கு ஒரு கேள்வி போதும். பதினான்கு கேள்வி எழுதிய பெரியவருக்குத் தனியாகக் கடிதம் போட்டிருக்கிறேன்.)