800 மில்லிவாட் வாங்குவதற்கு முன்

கேள்வி: நானே பூட்டிய 5 இன்ச் எஃப்பிவி ட்ரோன் (அதன் கேமரா படத்தைப் பார்த்தபடியே ஓட்டுவது), படம் பார்க்க அனலாக் காகிள்ஸ், படத்தை அனுப்ப 200 மில்லிவாட் விடிஎக்ஸ். போன மாதம் தென்னையில் மோதி விழுந்தது. ஆன்டெனா உடைந்ததால் வேறொன்று வாங்கி மாட்டினேன். அதற்கப்புறம் 80 மீட்டர் தாண்டினாலே படம் முழுக்கப் புள்ளி. 800 மில்லிவாட் விடிஎக்ஸ் போடச் சொல்கிறார் நண்பர். போடலாமா?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: கொஞ்சம் பொறுங்கள், பர்ஸைத் திறக்காதீர்கள். தூரம் இரட்டிப்பாக சக்தி 4 மடங்கு வேண்டும், அதாவது 200-ஐ 800 ஆக்கினால் உங்கள் 80 மீட்டர் 160 ஆகும், அவ்வளவுதான். 200 மில்லிவாட்டே திறந்தவெளியில் பல நூறு மீட்டர் போக வேண்டியது, அதனால் எங்கோ ஒழுகுகிறது.

முதல் சந்தேகம் புது ஆன்டெனா மேல்தான். காகிள்ஸில் இருப்பது ஆர்ஹெச்சிபி (வலச்சுழல்) ஆன்டெனா, நீங்கள் வாங்கியது எல்ஹெச்சிபி (இடச்சுழல்) என்றால் இரண்டும் எதிரெதிராகச் சுழல்கிற அலைகள். பக்கத்தில் இருக்கும்வரை படம் பளிச்சென்று வரும், தள்ளிப் போனதும் கரைந்துவிடும். இரண்டும் ஒரே வகையா என்று பாருங்கள். எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என்ற இரண்டு வகை ஆன்டெனா கனெக்டர்களின் குழப்பம் இன்னொன்று: மரை கச்சிதமாக ஏறும், ஆனால் நடுவில் ஊசியே இருக்காது. திருகிக் கழற்றி உள்ளே எட்டிப் பாருங்கள்.

அதுவும் சரியென்றால் விடிஎக்ஸ் போர்டில் ஆன்டெனா ஒயர் வந்து மாட்டுகிற யூ.எஃப்.எல் பொத்தான். மோதலில் லேசாகக் கழன்றிருக்கும், பார்க்க மாட்டியபடியே தெரியும். இதை 30 தடவைக்கு மேல் கழற்றி மாட்டினால் பிடிப்பு போய்விடும். சோதிக்கிறேன் என்று ஆன்டெனா இல்லாமல் மட்டும் பவர் கொடுத்துவிடாதீர்கள், விடிஎக்ஸ் கருகிவிடும்.

விடிஎக்ஸிலும் காகிள்ஸிலும் ஒரே சேனலா என்றும் பார்த்துவிடுங்கள். சேனல் வரிசைகளில் ரேஸ்பேண்ட் 5 என்பது 5806 மெகாஹெர்ட்ஸ், எஃப் பேண்ட் 4 என்பது 5800. ஒன்றில் அனுப்பி மற்றதில் வாங்கினாலும் படம் வந்து தொலைக்கும், அதனால்தான் சந்தேகமே வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் இதில் மண்டை காய்ந்திருக்கிறேன். ட்ரோனை இயக்கும் மென்பொருளான பீட்டாஃப்ளைட்டில் விடிஎக்ஸ் டேபிள் (சேனல், சக்தி அளவுகளின் பட்டியல்) தப்பாக இருந்தால் திரையில் 200 என்று காட்டிவிட்டு உள்ளே 25-லேயே ஓடிக்கொண்டிருக்கும், அதையும் ஒரு தடவை பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு ட்ரோனை மர ஸ்டூலில் வைத்து, காற்றோட்டம் இல்லாமல் விடிஎக்ஸ் கொதிக்கும் என்பதால் எதிரே ஒரு ஃபேனையும் போட்டு, காகிள்ஸோடு நடந்து போங்கள். ட்ரோனுக்கு முதுகைக் காட்டும்போது மட்டும் படம் கெட்டால் அது கோளாறு இல்லை, உங்கள் உடம்புதான் மறைக்கிறது. தென்னந்தோப்புக்குள் பறக்கவிட்டுத் தூரத்தை அளக்காதீர்கள். ஈரம் நிறைந்த மரங்கள் 5.8 கிகாஹெர்ட்ஸை நன்றாகவே குடிக்கும்.

கேள்வி: படம் போனால் ட்ரோன் விழுந்துவிடுமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: அனலாக்கில் விழாது. படம் ஒரு வழி, ரிமோட் வேறு வழி. விழ வைப்பது பெரும்பாலும் பதற்றத்தில் நாம் இழுக்கிற ஸ்டிக்தான். படம் மங்கத் தொடங்கும்போதே கொஞ்சம் உயரம் ஏற்றி, வந்த வழியே திரும்புங்கள். பக்கத்தில் வெறும் கண்ணால் ட்ரோனைப் பார்த்துக்கொண்டே ஒருவர் நிற்கட்டும். ரிமோட்டும் போனால் என்ன ஆக வேண்டும் என்பதை ஃபெயில்சேஃபில் முன்கூட்டியே வைத்துவிட்டு, தரையில் ரிமோட்டை அணைத்துச் சோதியுங்கள், புரொப்பெல்லர் இல்லாமல்.