சம்பளம் வாங்கப் போனவர்கள்

அன்புள்ள சார்,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் அவளுக்கு வரலாற்றுப் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். மேற்கு ரோமானியப் பேரரசு 476இல் வீழ்ந்தது என்று புத்தகத்தில் ஒரே ஒரு வரி. “அன்னைக்கு ரோம்ல இருந்தவங்களுக்கு அது தெரிஞ்சுதாப்பா?” என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இணையத்தில் தேடினால் ஆடம்பரம், ஒழுக்கக்கேடு, ஈயக்குழாய்த் தண்ணீர், கிறிஸ்தவம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எது சரி? ஒழுக்கம் கெட்டால் பேரரசு அழியும் என்பது உண்மைதானா? இன்றைய வல்லரசுகளுக்கும் இதே கதிதானா?

சு.

அன்புள்ள சு.,

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று கேள்விகள். உங்கள் மகள் கேட்டது ஒன்றே ஒன்று. அவளுடையதுதான் கேள்வி. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தெரிந்திருக்காது.

476 செப்டம்பர் 4. ரோமில்கூட இல்லை, மேற்கின் அன்றைய தலைநகரான ரவென்னாவில். ஓடோவாசர் என்ற தளபதி, ரோமுலஸ் என்ற பையனை அரியணையிலிருந்து இறக்குகிறான். ‘அகஸ்டுலஸ்’, அதாவது குட்டி அகஸ்டஸ், என்று கேலிப்பெயர் வாங்கிய பையன். சின்னப்பிள்ளை என்று இரக்கப்பட்டுக் கொல்லாமல் விட்டு, ஆண்டுக்கு 6,000 தங்கக் காசு படியும் கொடுத்துக் கம்பானியாவுக்கு அனுப்பிவைக்கிறான். பேரரசு அப்போது கிழக்கு, மேற்கு என்று இரண்டாக இருந்தது. அரச சின்னங்களை மூட்டை கட்டிக் கிழக்கின் தலைநகரான கான்ஸ்டான்டிநோப்பிளுக்கு அனுப்பிவிடுகிறார்கள். செனட் வழக்கம்போலக் கூடியது. ஓடோவாசர் காலத்திலேயே ரோமில் கான்சல்கள், அதாவது ஆண்டுதோறும் மாறும் உயர் பதவிக்காரர்கள், பதவியேற்றார்கள். போதாததற்கு, கிழக்கின் பேரரசர் சட்டப்படி ஏற்றுக்கொண்டிருந்த ஜூலியஸ் நேப்போஸ் என்ற மேற்குப் பேரரசர் இத்தாலிக்கு எதிர்க்கரையான டால்மேஷியாவில் 480 வரை உயிரோடு இருந்தார். அன்றைக்குக் காலையில் ரோமின் தெருவில் நடந்துபோனவனுக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரிந்திருக்காது.

இனி உங்கள் பட்டியல். ஈயக்குழாய், கிறிஸ்தவம், ஆடம்பரம் மூன்றுக்கும் ஒரே பதில்தான்: இவை எல்லாம் கிழக்கிலும் இருந்தன. கிழக்குப் பேரரசு 1453 வரை தாக்குப்பிடித்தது. அடுத்ததற்குப் போவோம்.

ஒழுக்கக்கேடு என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ரோமானியர்களின் ஒழுக்கம் கெட்டுவிட்டது என்று சல்லுஸ்ட் என்ற ரோமானிய வரலாற்றாசிரியர் புலம்பியது கிறிஸ்துவுக்கு முன்னால். ரோமின் பழைய எதிரியான, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தை அழித்ததோடு எதிரி மேலிருந்த பயம் போயிற்று, அன்றிலிருந்தே கெட்டோம் என்றார் அவர். கார்த்தேஜ் அழிந்தது கி.மு. 146இல். கெட்டுப்போனவர்கள் அதற்கப்புறம் 600 ஆண்டுகள் ஆண்டார்களா? யாரோ குடித்துக் கூத்தடித்ததால் அரசு அழிந்தது என்று நம்புவதில் நமக்கு ஒரு சுகம். நாம் குடிப்பதில்லை, ஆகையால் நாம் அழியமாட்டோம். பெண்ணுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தவர் இதைப்போய் அவளிடம் சொல்லிவைக்காதீர்கள்.

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. ஒரு மாதமாக ஒரு சிறிய சம்பவம் மனதைப் போட்டு அறுத்துக்கொண்டிருக்கிறது.

டான்யூப் ஆற்றின் கரையில் பட்டாவிஸ் என்று ஓர் எல்லைக் காவல் ஊர். இன்றைய ஜெர்மனியின் பாஸாவ். அந்தப் பகுதியில் வாழ்ந்த செவரினஸ் என்ற துறவியின் வரலாற்றை அவருடைய சீடர் யூஜிப்பியஸ் 511 வாக்கில் எழுதிவைத்தார். அதில் வருகிறது. ரோமானிய ஆட்சி இருந்தவரை எல்லை வீரர்களுக்கு அரசாங்கப் பணத்தில் சம்பளம் வந்துகொண்டிருந்தது. அது நின்றதும் படைகள் கலைந்தன, எல்லையும் இல்லாமல் போயிற்று. பட்டாவிஸ் படை மட்டும் கலையவில்லை. அவர்களில் சிலர், மற்றவர்களுக்கும் சேர்த்துக் கடைசிச் சம்பளத்தை வாங்கிவர இத்தாலிக்குக் கிளம்பிப் போனார்கள். வழியில் எதிரிகள் அவர்களைக் கொன்றுவிட்டது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஒருநாள் செவரினஸ் தன் அறையில் வாசித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று புத்தகத்தை மூடிவிட்டு அழ ஆரம்பித்தார். ஆற்றங்கரைக்கு ஓடுங்கள் என்றார். உடல்கள் நீரோட்டத்தில் கரைக்கு வந்திருந்தன.

பேரரசின் வீழ்ச்சி பற்றி நான் படித்ததிலேயே என்னை இப்படிப் பிடித்துக்கொண்டது வேறில்லை. படையெடுப்பு இல்லை, எரியும் நகரம் இல்லை. சம்பளம் வாங்கப் போன ஆட்கள்.

நான் இளவயதில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாரப் பத்திரிகை ஒன்று அங்கே அச்சாகும். முதல் தேதி வந்த சம்பளம் பத்தாம் தேதிக்குப் போயிற்று. பிறகு பாதிச் சம்பளம். எங்கள் கணக்கர் மாதாமாதம் தலைமை அலுவலகத்துக்குப் பஸ் ஏறிப் போய்ப் பணம் வாங்கிவருவார். அவர் திரும்பி வரும் அன்று ஒருத்தரும் வேலை செய்யமாட்டோம். ஆனால் செய்வதுபோல ப்ரூஃபைக் கையில் பிடித்துக்கொண்டிருப்போம். அவர் பையைத் தோளில் மாட்டியிருந்தால் காலி, நெஞ்சோடு அணைத்திருந்தால் பணம். இது எங்களுக்குள் ஒரு ஜோசியம். ஒரு மாதம் அவர் போகவே இல்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அச்சகத்தை மூடிவிட்டோம் என்று கடைசிவரை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இயந்திரங்களை ஏற்றிப்போன பிறகும் காவல்காரப் பெரியவர் தினமும் வந்து கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தார். வரவேண்டாம் என்று அவரிடமும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

சரி, பட்டாவிஸுக்கு ஏன் சம்பளம் நின்றது? இங்கேதான் கார்த்தேஜ் மறுபடி வருகிறது. சல்லுஸ்ட் சொன்ன அதே கார்த்தேஜ். ரோமானியர்களே அழித்து, ரோமானியர்களே திரும்பக் கட்டிய ஊர்.

பேரரசின் செலவில் பெரும்பங்கு படைச்செலவு. பிரிட்டனிலும் ரைன் கரையிலும் படை வைத்தால் பணம் போகும், வராது. பணம் வந்த இடம் வட ஆப்பிரிக்கா, இன்றைய துனிசியாவும் அதை ஒட்டிய அல்ஜீரியாவும். கோதுமையும் எண்ணெயும் அங்கிருந்துதான் ரோமுக்குக் கப்பலேறின. வடக்கிலிருந்து வரும் எதிரிக்கும் அதற்கும் நடுவே கடல். வரவு பெரிது, காவல்செலவு சிறிது. 406 கடைசியில் ரைனைத் தாண்டிய வாண்டல்கள் என்ற ஜெர்மானிய இனத்தார், ஸ்பெயின் வழியாக 429இல் கடலையும் தாண்டினார்கள். அடுத்த ஆண்டு அங்கே ஹிப்போ நகரத்தை முற்றுகையிட்டார்கள். உள்ளே அந்த ஊர் ஆயர் புனித அகஸ்டீன் மரணப்படுக்கையில் கிடந்தார். 439 அக்டோபர் 19 அன்று அவர்களுடைய அரசன் கெய்செரிக் கார்த்தேஜுக்குள் நுழைந்தான்.

என்னைக் கேட்டால் வீழ்ந்த தேதி அதுதான். நான் சொல்வது இருக்கட்டும், பேரரசரே சொல்கிறார் கேளுங்கள். அடுத்த ஐந்தாறு ஆண்டுக்குள் மூன்றாம் வாலண்டினியன் புதிதாக ஒரு விற்பனை வரி போட்டார். ஒரு சாலிடஸ் தங்கக் காசு பெறும் சரக்குக்கு ஒரு சிலிக்குவா, அதாவது இருபத்து நான்கில் ஒரு பங்கு. வாங்குகிறவர் பாதி, விற்கிறவர் பாதி. அந்தச் சட்டத்திலேயே ஒப்புக்கொள்கிறார்: புதிதாகச் சேர்க்கும் வீரர்களுக்கு மட்டுமல்ல, இருக்கும் படைக்கே சோறும் துணியும் கொடுக்க வருமானம் போதவில்லை என்று. பேரரசன் வாயில் வருகிற வார்த்தையா இது? எங்கள் கணக்கர் சொல்கிற வார்த்தை! 445இல் இன்னொரு சட்டம். வாண்டல்கள் பாழாக்கி, பிறகு ரோமுக்குத் திரும்பக் கிடைத்த வட ஆப்பிரிக்க மாகாணமான நுமிடியாவுக்கும் பக்கத்து மாகாணத்துக்கும் பழைய வரியில் எட்டில் ஒரு பங்கு கட்டினால் போதும் என்கிறது. மீதி ஏழு பங்கை எங்கே போய் வசூலிப்பது? வரி குறைந்தால் படை குறையும். படை குறைந்தால் இன்னொரு மாகாணம் போகும், அந்த மாகாணத்தின் வரியும் போகும். ஒரு சுற்று சுற்றினால் அடுத்த சுற்று இன்னும் சின்னது.

மீட்க முயலாமல் இல்லை. 460இல் மேற்குப் பேரரசர் மேஜோரியன் ஸ்பெயின் கரையில் கட்டிய கப்பல்படை புறப்படும் முன்பே பறிபோயிற்று. மறு ஆண்டு அவர் தலையும் போயிற்று. 468இல் கிழக்கும் மேற்கும் கைகோத்து ஆயிரத்துக்கு மேற்பட்ட கப்பல்களை அனுப்பின. கெய்செரிக் சமாதானம் பேச ஐந்து நாள் தவணை கேட்டான். தளபதி பசிலிஸ்கஸ் கொடுத்தார். கொடுத்தார்! காற்று திரும்பியதும் எரிகிற கப்பல்கள் அவர்மீது மிதந்து வந்தன. எட்டு வருடம் கழித்து ரவென்னாவில் நடந்ததற்குக் கதவைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்தது என்று பெயர்.

இன்றைய வல்லரசுகளின் கதியைக் கேட்டிருந்தீர்கள். அதற்கு நல்ல ஜோசியராகப் பாருங்கள்.

மகளைத் தேர்வில் 476 என்றே எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மதிப்பெண் போய்விடும். பட்டாவிஸ் கதையைத் தேர்வு முடிந்த பிறகு சொல்லலாம். செவரினஸ் புத்தகத்தை மூடுகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். ஆற்றங்கரைவரை போவதா வேண்டாமா என்று அவள் முகத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.