செடியை வாட வைக்கும் பரம்பரையலகு எது?

கேள்வி: எங்கள் பாத்தியில் உருளைக்கிழங்குச் செடிகள் பச்சையாக இருக்கும்போதே வாடிவிட்டன. தண்டை வெட்டித் தெளிந்த நீரில் நிறுத்தியபோது பால்போன்ற இழைகள் இறங்கின. பற்றீரியா வாடல் என்றார்கள். அதன் ஆயிரக்கணக்கான பரம்பரையலகுகளுள் (மரபணுக்களுள்) நோய்க்குக் காரணமானவற்றை எவ்வாறு கண்டுபிடிக்கிறார்கள்?
– உயர்தர மாணவி, நுவரெலியா

பதில்: நீங்கள் கண்ட இழைகள், ரால்ஸ்டோனியா என்னும் பற்றீரியாவும் அது சுரக்கும் பிசினும் கலந்தவை. அந்தப் பிசின், செடியில் நீரைக் கடத்தும் காழ்க் கலன்களை அடைப்பதால், மண்ணில் ஈரம் இருந்தும் செடி வாடுகிறது.

இப்பற்றீரியாவின் ஏறத்தாழ 5,000 பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாகச் சிதைத்துப் பார்ப்பது பெரும்பாடு. ஆகவே டிரான்ஸ்போசோன் என்னும் தாவும் டி.என்.ஏ துண்டைப் பற்றீரியாக் கூட்டத்துக்குள் செலுத்துகிறார்கள். (இத்தகைய துண்டுகளைச் சோளத்தில் கண்டறிந்ததற்காகவே பார்பரா மக்ளின்ரொக் 1983இல் நோபல் பரிசு பெற்றார்.) ஒவ்வொரு கலத்திலும் அது வெவ்வேறிடத்தில் செருகிக்கொண்டு, அவ்விடத்துப் பரம்பரையலகைச் செயலிழக்கச் செய்கிறது. 1980களில் இவ்வாறு பெற்ற விகாரிகளை (பரம்பரையலகு சிதைந்த பற்றீரியாக்களை) தனித்தனியே செடிகளில் ஏற்றிப் பார்த்தே, தாவரக் கலத்துக்குள் புரதங்களைச் செலுத்தும் அமைப்புக்குரிய பரம்பரையலகுகளைக் கண்டுபிடித்தார்கள். எத்தனை பொறுமை வேண்டிய வேலை!

2009இல் வெளிவந்த முறைகள் இதனை மாற்றின. பல்லாயிரம் விகாரிகளை ஒன்றாகக் கலந்து செடியில் ஏற்றி, ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் டிரான்ஸ்போசோனை ஒட்டியுள்ள டி.என்.ஏயின் வரிசையை வாசித்து எண்ணுகிறார்கள். தோட்டத்துப் பெரட்டில் (வேலைக்கு வந்த தொழிலாளரின் கணக்கெடுப்பில்) காலையில் பேர் எடுத்து, மாலையில் மீண்டும் எடுத்தால் வராதவர் யாரெனத் தெரிவதைப் போன்றது இது. செடிக்குள் சென்றபின் எண்ணிக்கையில் குறைந்த விகாரியில் எந்தப் பரம்பரையலகு சிதைந்திருந்ததோ, அது செடிக்குள் வாழத் தேவையானது என்று ஊகிக்கலாம். தொடக்கத்திலேயே செருகல் காணப்படாத பரம்பரையலகுகளோ, பெரும்பாலும் ஆய்வுகூட வளர்ப்பூடகத்தில் உயிர்வாழ்வதற்கே இன்றியமையாதவை.

ஆனால் வராதவர் எல்லாரையும் ஒரே காரணத்துக்குள் அடக்க முடியாது. வேர் வழியாக மிகச் சில கலங்களே உட்புகுந்தால், குறையேதுமற்ற விகாரியும் தற்செயலாக விடுபட்டுப் போகலாம். இதற்கு நேர்மாறாக, பிசின் சுரக்க இயலாத விகாரி அயலிலுள்ள கலங்களின் பிசினால் பிழைத்துக்கொண்டால், நோய்க்கு மிக முக்கியமான அப்பரம்பரையலகு கணக்கில் தப்பிவிடும். ஒரு செருகல் அடுத்துள்ள பரம்பரையலகையும் முடக்கக்கூடும். எனவே ஐயத்துக்குரிய பரம்பரையலகை மட்டும் தனியே நீக்கி, அதன் நல்ல பிரதியை மீண்டும் கொடுத்து, வாட வைக்கும் ஆற்றல் திரும்புகிறதா என்று செடியிலேயே சோதிக்கிறார்கள். திரும்பினால்தான் அந்தப் பரம்பரையலகின் மீது பழி சுமத்தலாம்.